அப்பாவின் சளி மாத்திரை, தம்பியின் டப்பா, தங்கையின் டிரிப்: மூன்றில் எது யாருக்கு?

எங்கள் பெரம்பூர் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் போன மாதம் மூன்று சாமான் சேர்ந்திருந்தன. ஒன்று, அப்பா தண்ணீரில் போட்டுக் குடிக்கும் சளி மாத்திரை அட்டை. இரண்டாவது, தம்பி ஆன்லைனில் வரவழைத்த கேப்ஸ்யூல் டப்பா. மூன்றாவதைச் சாமான் என்றுகூடச் சொல்ல முடியாது, ஒரு காகிதம்: சித்தி மகள் மறந்து விட்டுப்போன பியூட்டி பார்லர் விலைப்பட்டியல். அதில் "பிரைடல் குளோ, குளுட்டாதயோன் டிரிப், 10 சிட்டிங், 40,000 ரூபாய்" என்ற வரியைச் சுற்றிப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம்.

இதெல்லாம் தனித்தனி விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். தம்பி டப்பாவைத் திறந்தபோது குப்பென்று அழுகின முட்டை வாடை அடித்தது. அப்பாவின் மாத்திரை உறையைக் கிழிக்கும்போது வருகிற அதே வாடை. லேபிளைத் திருப்பிப் பார்த்தால் இரண்டிலும் ஒரே பெயர்: என்-அசிட்டைல்சிஸ்டீன், 600 மில்லிகிராம். சுருக்கமாக என்.ஏ.சி. பார்லர் காகிதத்தில் இருந்த, டிரிப்பாக நரம்பில் ஏற்றும் குளுட்டாதயோனும் இதற்குப் பங்காளி முறைதான்.

"அக்கா, அப்பா சாப்பிடறதும் நான் சாப்பிடறதும் ஒண்ணுன்னா, அவருக்கு மட்டும் எதுக்கு டாக்டர் சீட்டு?" என்றான் தம்பி.

நியாயமான கேள்வி. நான் டாக்டர் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவள். ஆனால் வீட்டில் மருந்துச் சீட்டு படிப்பது, ரிப்போர்ட்டை ஃபைலில் அடுக்குவது, டாக்டர் அறை வாசலில் டோக்கனோடு உட்காருவது எல்லாம் என் தலையில்தான். அதனால் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன், அப்பாவைப் பார்க்கும் நுரையீரல் டாக்டரிடமும் கேட்டேன். யாருக்கு எது சரிப்படும் என்று போட்ட கணக்கு இது.

சிஸ்டீன் என்பது கந்தகம் உள்ள ஓர் அமினோ அமிலம். முட்டை வாடைக்குக் காரணம் அந்தக் கந்தகம். அதோடு ஓர் அசிட்டைல் தொகுதியை ஒட்டினால் என்.ஏ.சி. நம் செல்கள் சிஸ்டீன், குளுட்டமேட், கிளைசின் மூன்றையும் கோத்துக் குளுட்டாதயோன் செய்துகொள்கின்றன. உடம்பு தானாகவே தயாரிக்கும் ஆன்டிஆக்சிடன்ட்களில், அதாவது ஆக்சிஜனேற்றத்தால் செல்கள் பழுதாகாமல் தடுக்கும் பொருள்களில், பெரிய புள்ளி இதுதான். வீடு கட்டுகிற இடத்தில் மணலும் ஜல்லியும் வந்து குவிந்திருக்கும், சிமென்ட் மட்டும் வந்திருக்காது. கொத்தனார் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இங்கே அந்தச் சிமென்ட் சிஸ்டீன். என்.ஏ.சி. அந்த மூட்டையைக் கொண்டுவந்து இறக்குகிற வண்டி. சரி, குளுட்டாதயோனையே விழுங்கினால்? கட்டி முடித்த சுவரை லாரியில் ஏற்றி அனுப்புகிற மாதிரி. குடலிலேயே பெரும்பகுதி உடைந்து மறுபடி மணல், ஜல்லி, சிமென்ட் ஆகிவிடும்.

என்.ஏ.சி.க்கு இன்னொரு வேலையும் உண்டு. கோழையில் இருக்கும் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் ஒன்றோடொன்று கட்டி வைத்திருக்கின்றன. அந்த முடிச்சை இது அவிழ்த்துவிடும், கோழை இளகும். அமெரிக்காவில் 1963-ல் இது மருந்தாக அனுமதி பெற்றது இந்தச் சளி வேலைக்காகத்தான். ஆன்டிஆக்சிடன்ட் புகழெல்லாம் அப்புறம் வந்தது.

இதன் நிஜமான பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. பாராசிட்டமால் அளவு மீறிப் போனால் ஈரலில் ஒரு நச்சுப்பொருள் உண்டாகி, அங்கே இருக்கிற குளுட்டாதயோனைத் தின்று தீர்க்கும். கையிருப்பு தீர்ந்த பிறகு ஈரல் செல்களையே அடிக்கும். அந்த நேரத்தில் என்.ஏ.சி. கொடுத்தால் கையிருப்பு மறுபடி நிரம்பும். 8 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால் பலன் மிக நன்றாக இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இது இருப்பது இதற்காகத்தான். எலிமருந்து விஷத்தால் ஈரல் பழுதாகி வருகிறவர்களுக்கும் நம்மூர் மருத்துவர்கள் இதை ஏற்றுகிறார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. பாராசிட்டமாலுக்கு எதிராக ஊசி வழியே கொடுக்கும் வழக்கமான அளவு, எடையில் கிலோவுக்கு 300 மில்லிகிராம், 21 மணி நேரத்தில். 60 கிலோ ஆளுக்கு 18,000 மில்லிகிராம். தம்பியின் கேப்ஸ்யூல் கணக்கில் அது 30. வாய் வழியே போவதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் மாறாமல் ரத்தத்தைச் சென்றடைகிறது. ஆகவே "வீட்டுலதான் என்.ஏ.சி. இருக்கே" என்ற தைரியத்துக்கு இடமில்லை. காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, ஜலதோஷத்துக்கு ஒன்று, மூட்டு வலிக்கு ஒன்று என்று போட்டு, மூன்றிலும் பாராசிட்டமால் இருந்து, ஒரு நாள் கணக்கு 4,000 மில்லிகிராமைத் தாண்டியிருந்தால், உடம்பு சௌகரியமாகத் தோன்றினாலும் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். முதல் நாள் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது என்பதுதான் இதில் உள்ள பயங்கரம்.

இனி அப்பா. 71 வயது. முப்பது வருஷம் பீடி, விட்டுப் பன்னிரண்டு வருஷம். சிஓபிடி என்ற, மூச்சுக்குழாய் அடைபடும் நாள்பட்ட நுரையீரல் நோய். கொடுங்கையூர் குப்பைமேட்டுப் பக்கமிருந்து புகை வருகிற ராத்திரியும் போகி அதிகாலையும் அவருக்குக் கண்டம். மார்கழி கடைசி நாள் ஜன்னல் இடுக்கில் ஈரத் துண்டு வைத்து அடைத்தாலும் நாலு மணிக்கெல்லாம் இருமல் ஆரம்பித்துவிடும். கோழை வெளியே வரமாட்டேன் என்று அடம் பிடிக்கும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை முற்றிப்போய் நெபுலைசர், ஸ்டீராய்டு, ஆன்டிபயாட்டிக் என்று நிற்கும்.

அவருக்கு 600 மில்லிகிராம், காலையும் மாலையும். இது வேலை செய்கிறதா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. 2005-ல் வெளிவந்த ஐரோப்பிய ஆய்வு 523 பேருக்கு மூன்று வருஷம் தினம் ஒரு 600 கொடுத்துப் பார்த்தது. நுரையீரல் தேய்வதும் குறையவில்லை, முற்றிப்போகும் தடவைகளும் மொத்தத்தில் குறையவில்லை. 2014-ல் சீனாவிலிருந்து வந்த ஆய்வில் அளவு இரட்டிப்பு, அதாவது அப்பாவுக்குக் கொடுக்கும் அதே அளவு. ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டவர்கள், ஒரு வருஷம். மருந்து சாப்பிட்டவர்களுக்கு ஆளுக்குச் சராசரி 1.16 தடவை முற்றியது, ஒப்பிட்டுப் பார்க்க மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 1.49 தடவை. அப்புறம் 2024-ல் அதே சீனாவில், நோய் ஆரம்ப நிலையிலும் நடுத்தரத்திலும் இருக்கிறவர்களுக்கு அதே அளவில் இரண்டு வருஷம் கொடுத்தார்கள். ஒன்றும் வித்தியாசமில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பு சளி இளக்கிகளை ஒட்டுமொத்தமாக அலசிய 2019 தொகுப்பு, 38 ஆய்வுகளையும் பத்தாயிரத்துச் சொச்சம் பேரையும் சேர்த்துப் பார்த்துச் சொல்வது: எட்டுப் பேர் சுமார் ஒன்பது மாதம் சாப்பிட்டால், அதில் கூடுதலாக ஒருவர் ஒரு தடவைகூட முற்றாமல் தப்பிக்க வாய்ப்பு. அந்த ஒருவர் நம் வீட்டு ஆளா என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆனால் பக்கவிளைவு குறைவு. டாக்டர் என்னிடம் சொன்னது இன்னும் எளிது: "இன்ஹேலரை விட்டுட்டு இத சாப்பிட்டா பிரயோஜனமே இல்லம்மா. இன்ஹேலரை ஒழுங்கா போடச் சொல்லுங்க. இது அதுக்கு மேல." ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்து, தடவை குறைந்ததா என்று எண்ணச் சொன்னார். அன்றிலிருந்து சமையலறை மாதக் காலண்டரில் அப்பாவுக்கு முற்றின நாளைச் சிவப்பில் சுழிக்கிறேன். இந்த விஷயத்தில் எந்த ஆய்வைவிடவும் எனக்கு உதவப்போவது அந்தக் காலண்டர்தான்.

சாப்பிடும் முறையில் நாங்கள் கற்றுக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். மாலை வேளை மாத்திரையை ஆறு மணிக்குள் கொடுத்துவிடுவேன். படுக்கப்போகும் நேரத்தில் கொடுத்தால் இளகின கோழை ராத்திரி பூராவும் எழுப்பும். இருமலை அடக்கும் சிரப்பை இதோடு சேர்க்கக் கூடாது, ஒன்று கோழையைக் கிளப்ப, மற்றது வெளியே வராமல் பிடித்து வைக்கும். வாயால் சாப்பிடும் ஆன்டிபயாட்டிக் இருந்தால் இரண்டு மணி நேர இடைவெளி. அப்பா ஃபேஷனுக்கு வாங்கி வைத்திருக்கும் செம்பு டம்ளரில் கரைக்கக் கூடாது, செம்போடும் இரும்போடும் இது வினை புரியும். கண்ணாடியோ எவர்சில்வரோ பரவாயில்லை. கரைந்ததும் குடித்துவிட வேண்டும். கரையும் மாத்திரை எதிலும் சோடியம் உண்டு என்பதை பி.பி. உள்ளவர்களும், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்ட இதய நோயாளிகளும் நினைவில் வைக்கவேண்டும். அவர்கள் சாதா மாத்திரை கிடைக்குமா என்று டாக்டரிடம் கேட்கலாம்.

தம்பி விஷயம் இவ்வளவு நீளமில்லை. ஜிம்முக்குப் போகிறான், சனிக்கிழமை டாஸ்மாக் பக்கமும் போகிறான். இரண்டுக்கும் சேர்த்து ஈரலைக் கழுவ என்று வாங்கினது அந்த டப்பா. குடித்த மறுநாள் தலைவலிக்கு என்.ஏ.சி. கைகொடுக்கும் என்பதற்கு உருப்படியான ஆதாரம் கிடையாது. 2020 ஜூலையில் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., ஹேங்ஓவர் மருந்து என்று விற்ற ஏழு கம்பெனிகளுக்கு எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. அப்போது கிளப்பிய வாதம் சுவாரசியமானது: 1963-லேயே மருந்தாக அனுமதித்த பொருளை உணவுத் துணைப்பொருள் என்று எப்படி விற்கலாம்? அடுத்த வருஷம் அமேசான் தன் கடையிலிருந்தே எடுத்துவிட்டது. 2022 ஆகஸ்டில் எஃப்.டி.ஏ. தானே தளர்த்திக்கொண்டு, நோயைக் குணமாக்கும் என்று சொல்லாதவரை விற்பனையில் தலையிடப்போவதில்லை என்றது.

நம் ஊரிலும் இந்த இரட்டை வேஷம் கண்ணுக்கு நேரே தெரிகிறது. அப்பாவின் அட்டையில் மருந்து உற்பத்தி உரிம எண். தம்பியின் டப்பாவில் உணவுப் பொருளுக்கான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண், பக்கத்திலேயே பொடி எழுத்தில் "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல" என்ற பொருளில் ஒரு வரி. பொருள் ஒன்று, பொறுப்பு இரண்டு. தம்பி கேட்ட சீட்டுக் கேள்விக்கு என் பதில் இதுதான். மாத்திரைக்குள் வித்தியாசம் இல்லாவிட்டாலும், அப்பாவுக்கு எதற்கு, எவ்வளவு, எவ்வளவு நாள் என்று கேட்டு எழுதினவர் ஒருவர் இருக்கிறார். தம்பிக்கு யாருமில்லை, ரீல்ஸில் வந்த ஒருத்தன்தான்.

ஜிம் பக்கமும் ஆதாயம் தெரியவில்லை. உடற்பயிற்சியின்போது உண்டாகும் ஆக்சிஜனேற்ற உரசலே, தசைக்கு "பலப்படுத்திக்கொள்" என்று சொல்லும் சேதி. அதை மொத்தமாக அணைத்தால் பயிற்சியின் பலனும் அணையலாம். 2009-ல் ஒரு ஜெர்மன் ஆய்வில் நான்கு வாரம் பயிற்சி செய்த இளைஞர்களில், வைட்டமின் சி-யும் ஈ-யும் அதிக அளவில் சாப்பிட்டவர்களுக்கு மட்டும் இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடாமல் போனது. அது என்.ஏ.சி. அல்ல. ஆனால் "ஆன்டிஆக்சிடன்ட் என்றாலே நல்லது" என்ற நம்பிக்கையைச் சந்தேகிக்க அது போதும்.

அந்த நம்பிக்கைக்கு விழுந்த பெரிய அடி 1994-ல் ஃபின்லாந்திலிருந்து வந்தது. 29,133 ஆண்கள், எல்லோரும் புகைப்பவர்கள். பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்று குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 18 சதவீதம் கூடியது. என்.ஏ.சி.யைப் பொறுத்தவரை, 2014-ல் சுவீடன் ஆய்வாளர்கள், நுரையீரலில் ஏற்கெனவே கட்டி முளைக்க வைத்த எலிகளில் அது வளர்ச்சியை வேகப்படுத்தியதைக் கண்டார்கள். மனிதரில் அப்படிக் காட்டப்படவில்லை. புற்றுநோய் வந்து சிகிச்சை முடித்த 2,592 பேரை வைத்து ஐரோப்பாவில் நடந்து 2000-ல் வெளிவந்த ஆய்வில், இரண்டு வருஷம் என்.ஏ.சி. சாப்பிட்டதால் நன்மையுமில்லை, புற்று திரும்புவது கூடவும் இல்லை. இருந்தாலும் முப்பது வருஷம் பீடி குடித்த ஆள் நம் வீட்டில் இருக்கிறாரே என்று எனக்கு ஒரு உறுத்தல். டாக்டரிடம் வாய்விட்டே கேட்டேன். போன வருஷத்து சி.டி. ஸ்கேனை எடுத்துப் பார்த்துவிட்டு, "இப்போதைக்குக் கவலை இல்லை, ஆனா கேட்டீங்களே, நல்லது" என்றார். புற்றுநோய் சிகிச்சையில் இருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்காமல் எந்த ஆன்டிஆக்சிடன்ட் டப்பாவையும் திறக்கக் கூடாது என்பதில் மட்டும் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை.

வேறு எதற்கெல்லாம் இதைக் கொடுக்கிறார்கள் என்று தேடினால் பட்டியல் தலை சுற்றும். பாதிக்கு மேல் ஏமாற்றம். ஆஞ்சியோவுக்குமுன் சாயமருந்தால் சிறுநீரகம் கெடாமல் இருக்க வருஷக்கணக்கில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பிரேசிலில் 2,308 பேரை வைத்து 2011-ல் வந்த ஆய்வும், 2018-ல் வந்த இன்னொரு பெரிய ஆய்வும் பலனில்லை என்று முடித்துவிட்டன. நுரையீரல் தழும்பேறும் ஐ.பி.எஃப். நோயிலும் 2014-ல் கை விரித்தார்கள். தலைமுடியைத் தாமே பிய்த்துக்கொள்ளும் பழக்கத்துக்கு 2009-ல் 50 பேரை வைத்து நடந்த ஆய்வு மட்டும் அழகான முடிவு தந்தது, 56 சதவீதத்தினருக்கு நல்ல முன்னேற்றம், வெறும் மாத்திரையில் 16 சதவீதம். ஆனால் சிறுவர்களிடம் அதே பலன் கிடைக்கவில்லை. பிசிஓடி என்ற சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறுக்கு நம்மூர் மகப்பேறு மருத்துவர்கள் சிலர் எழுதுகிறார்கள்; ஒன்றும் கொடுக்காததைவிடக் கருமுட்டை வெளியாவதில் கொஞ்சம் பலன், மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை அளவுக்கு இல்லை. அது அவர்கள் பார்த்து முடிவு செய்யவேண்டியது.

என் ஆசையையும் மறைக்காமல் சொல்கிறேன். 47 வயது. மூட்டு முனகுகிறது. கிளைசினையும் என்.ஏ.சி.யையும் சேர்த்துச் சாப்பிட்டால் முதுமை தள்ளிப்போகும் என்று படித்ததும் எனக்கும் கை அரித்தது. டெக்சஸில் 24 முதியவர்களை வைத்து 16 வாரம் நடந்த ஆய்வில் நடை வேகம், கைப்பிடி வலு எல்லாம் கூடியதாக வந்தது. அவர்கள் கொடுத்த அளவு கிலோவுக்கு ஒவ்வொன்றிலும் 100 மில்லிகிராம். என் எடைக்குத் தினம் 6 கிராமுக்கு மேல் என்.ஏ.சி., தம்பியின் டப்பா ஒரு வாரம் தாங்காது. 2022-ல் ஆரோக்கியமான முதியவர்கள் 114 பேரிடம் இரண்டு வாரம் பார்த்தபோது மொத்தத்தில் குளுட்டாதயோன் கூடவே இல்லை. கணக்கு எழுதுகிறவளுக்கு இந்த வரவு செலவு ஒத்துவரவில்லை, விட்டுவிட்டேன்.

நமக்கு வேண்டிய சிஸ்டீன் சாப்பாட்டிலேயே வருகிறது, உடம்பும் மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்திலிருந்து செய்துகொள்கிறது. முட்டை, மீன், கோழி சாப்பிடுகிறவர்களுக்குக் குறையே இருக்காது. சைவக்காரர்களுக்கு நம் சாம்பார் சாதம் ரொம்பக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு: பருப்பில் கந்தக அமினோ அமிலங்கள் குறைவு, அரிசியில் அது உண்டு, அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. கிளைசின் வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கால் சூப் இருக்கவே இருக்கிறது. ஜிம் தம்பி குடிக்கும் வே புரோட்டீனிலேயே சிஸ்டீன் தாராளம், அதற்கு மேல் டப்பா எதற்கு என்று கேட்டதற்குத்தான் அவனிடம் பதில் இல்லை.

இப்போது அந்தப் பார்லர் காகிதம். இதில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, ஒளிக்கவில்லை. சித்தி மகள் மாநிறம். அழகான பெண். பெண் பார்க்க வந்த வீட்டில் யாரோ ஒரு பெரியம்மா "கொஞ்சம் கலர் கம்மி" என்று சொன்னதில் ஆரம்பித்தது இது.

குளுட்டாதயோன், தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக உதவும் டைரோசினேஸ் என்ற நொதியைத் தடுக்கிறது, கருநிற மெலனினிலிருந்து வெளிர் வகைப் பக்கம் சாய்க்கிறது. அறிவியல் அந்த மட்டும் உண்மை. மாத்திரையாக 500 மில்லிகிராம் வீதம் நான்கு வாரம், தாய்லாந்தில் 60 மருத்துவ மாணவர்களுக்குக் கொடுத்த ஆய்வு 2012-ல் வந்தது. கருவியால் அளந்ததில் உடம்பின் சில இடங்களில் மெலனின் அளவு சற்றுக் குறைந்திருந்தது. கருவியில் தெரிந்தது கல்யாண ஃபோட்டோவில் தெரியுமா என்பது வேறு. நிறுத்தினால் பழைய நிறம் திரும்பும்.

டிரிப் கதை அப்படியில்லை. பாகிஸ்தானில் ஊசி வழியே கொடுத்துப் பார்த்து 2016-ல் வெளியான சிறு ஆய்வில் பலன் கண்டவர்கள் கொஞ்சம் பேர், ஈரல் பரிசோதனையில் கோளாறு கண்டவர்கள் பலர், ஒருவருக்கு உயிரையே பயமுறுத்தும் ஒவ்வாமை. பிலிப்பைன்ஸில் இந்த மோகம் நமக்கு முன்னாலேயே பரவியது. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-லேயே, நிறத்துக்காக இந்த ஊசி போடுவது பாதுகாப்பற்றது, தோல் உரிந்துபோகும் கொடிய ஒவ்வாமை முதல் தைராய்டு, சிறுநீரகக் கோளாறு வரை வரலாம் என்று எச்சரித்தது. அமெரிக்க எஃப்.டி.ஏ. நிறத்துக்கென்று எந்த ஊசிக்கும் அனுமதி தந்ததில்லை. பல இடங்களில் இதோடு வைட்டமின் சி-யையும் பெரிய அளவில் கலந்து ஏற்றுகிறார்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பவருக்கு அது ரத்த சிவப்பணுக்களை உடைக்கும், சிறுநீரகம் பலவீனமானவருக்கு அங்கே ஆக்சலேட் என்ற உப்பைப் படிய வைக்கும். அந்தப் பார்லரில் இதற்கு ஏதாவது ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேட்டேன்.

"இல்லக்கா. ஒரு ஃபார்ம்ல கையெழுத்து வாங்கினாங்க."

ஏற்றப்போவது யார் என்று கேட்டேன். ஐப்ரோ எடுக்கிற அக்காதான் என்றாள். ஒவ்வாமை வந்தால் போட அட்ரினலின் ஊசி அங்கே இருக்கிறதா என்று கேட்டதற்கு முழித்தாள். விலை, பலன், ஆபத்து மூன்றில் எந்த வரிசையில் வைத்தாலும் இந்த டிரிப் கடைசியில்தான் நிற்கிறது. நரம்பில் ஏறுகிற எதையும் குடல் வடிகட்டாது, கழற்றி எடுக்கவும் முடியாது. கால இடைவெளி விட்டுப் பத்துத் தடவை என்றால் பத்துத் தடவை அந்த ஆபத்து.

ஒப்பிட்டால் என்.ஏ.சி. மாத்திரை சாதுதான். குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு, அந்த வாடை. ஊசியாகப் போகும்போது முகம் சிவத்தல், தடிப்பு, மூச்சுக்குழல் இறுக்கம் வரலாம், ஆஸ்துமாக்காரர்களுக்கு அதிகம். அதனால்தான் அது ஆஸ்பத்திரிக்குள் மட்டும். வாயால் சாப்பிடும்போதும் சிலர் கேட்டுவிட்டுத்தான் தொடவேண்டும். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் வகை மாத்திரை வைத்திருப்பவர்கள் முதலில்: இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சடாரென்று இறங்கி, மண்டையைப் பிளக்கும் தலைவலி வரும். அப்புறம் வயிற்றுப்புண் உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறவர்கள், ஆபரேஷன் நாள் குறித்தவர்கள், சிஸ்டீன் கல் உண்டாகும் பரம்பரைச் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள். கர்ப்பிணிகளுக்கு டாக்டர் எழுதினால் ஒழிய வேண்டாம். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சளி இளக்கி ஆகவே ஆகாது. அவ்வளவு சின்ன நெஞ்சால் இளகின கோழையை இருமித் தள்ள முடியாது.

ஆக, எங்கள் வீட்டில் நடந்தது இது. அப்பாவுக்கு மாத்திரை தொடர்கிறது, அடுத்த போகிவரை காலண்டர் பார்த்து முடிவு. இதுவரை ஒரே ஒரு சிவப்புச் சுழி. இன்ஹேலரை முன்பைவிட ஒழுங்காகப் போடுகிறார் என்பதால் அந்தப் பெருமை யாருக்கென்று பிரிக்க முடியவில்லை. தம்பி டப்பாவைத் திருப்பி அனுப்பப் பார்த்தான், சீல் உடைத்ததை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். அதை அப்பாவுக்குக் கொடுத்துவிடலாமே என்றான். வேண்டாம், டாக்டர் எழுதின கம்பெனியே இருக்கட்டும் என்றேன். இப்போது அது ஃபிரிட்ஜ் மேல் மணம் வீசிக்கொண்டு இருக்கிறது.

சித்தி மகள் டிரிப்பைக் கைவிட்டாள். முன்பணம் 5,000 போனது போனதுதான். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது, போன ஞாயிற்றுக்கிழமை வந்தவள் கைப்பையை மேசையில் வைத்தாள். உள்ளே ஏதோ கலகலவென்று உருண்டது. குளுட்டாதயோன் மாத்திரை, 500 மில்லிகிராம், 30 எண்ணம்.

"ஒரே ஒரு மாசம் போட்டுப் பாக்குறேங்க்கா. மாத்திரைதானே, ஊசியில்லயே. நீதானே சொன்ன?"

அப்படித்தான் சொல்லியிருந்தேன். லேபிளை வாங்கிப் படித்தேன். உரிம எண் இருந்தது, காலாவதி தேதி சரி. ஈரல் பரிசோதனை ஒன்று எடுத்துவிட்டு ஆரம்பி, தடிப்போ அரிப்போ வந்தால் அன்றைக்கே நிறுத்து என்றேன். தலையாட்டிக்கொண்டே ஆட்டுக்கால் சூப்பில் இரண்டாவது கிண்ணம் ஊற்றிக்கொண்டாள்.